வடசென்னையிலிருந்து பழவேற்காடு வரை: செலவில்லாமல் ஊர் பார்க்க ஒரு வழி

வெளியூரிலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களை முதல் நாள் மெரினாவுக்கு அழைத்துப் போவார்கள். அடுத்த நாள் மகாபலிபுரம். ஊர் சுற்றுவதென்றாலே வண்டி தெற்கு நோக்கித்தான் திரும்பும். "வடக்கே என்ன இருக்கு, ஹார்பரும் புகைக்கூண்டும்தானே" என்று இங்கேயே பிறந்தவர்கள்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் திருவொற்றியூரில் வளர்ந்தவள். எங்கள் தெருமுனையிலிருந்து ஒரு மணி நேரம் வடக்கே போனால் நெல்வயல் வரும், பனைமரம் வரும், உப்பங்கழி வரும். குளிர்காலமென்றால் பூநாரைக் கூட்டமும் வரும். இவற்றில் எதற்கும் நுழைவுச்சீட்டு கிடையாது. ரயிலுக்கும் பேருந்துக்கும் ஆகிற சில்லறைதான் செலவு.

விடுமுறைக்கு வரும் அத்தை பிள்ளைகளை நான் எப்படி அழைத்துப் போவேனோ, அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் மாதமும் நேரமும்

அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை பறவைக் காலம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் குறுக்கிடும்; கிளம்பும் முன் வானிலை அறிவிப்பைப் பாருங்கள். என்னைக் கேட்டால் தையும் மாசியும்தான் சரியான மாதங்கள். மழை விட்டிருக்கும், வயல் பச்சையாகவோ அறுவடைக்குத் தயாராகவோ இருக்கும், வெயில் இன்னும் கடுமையாகியிருக்காது. சித்திரை, வைகாசியில் வர நேர்ந்தால் காலை ஒன்பது மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. சிறு படகுகள் மட்டும் போய்வரும். அந்த நாட்களில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பார்க்க வராதீர்கள்.

நேரத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல்முறை நான் விருந்தினர்களைப் பழவேற்காட்டு ஏரிக்கு அழைத்துப் போனபோது எல்லோரும் குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பவே எட்டு மணி ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. ஏரிமேல் கானல் ஆடியது. பறவைகள் எங்கோ தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. உடன் வந்த குழந்தைக்கு வெயிலில் தலைவலி வந்துவிட்டது. அதன்பிறகு ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டுவது என்பதை மாற்றியதே இல்லை.

இன்னொன்று, நீர் ஏற்றமும் வற்றமும். கழியில் நாளுக்கு இரண்டு முறை நீர் ஏறும், இரண்டு முறை வற்றும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் வற்றிச் சேற்றுத்திட்டு தெரியும்போதுதான் நாரைகளும் உள்ளான்களும் இறங்கி மேயும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றமும் பெரிதாக இருக்கும். நீர் ஏறி வற்றும் நேரத்தைச் செல்பேசியில் பார்க்கலாம். அதைவிட நல்லது, கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணே, தண்ணி எப்ப வத்தும்?" என்று கேட்பது. அவர் நேரத்தோடு இடத்தையும் சேர்த்துச் சொல்வார்.

நகருக்குள் ஒரு விடியல்

ஊர்ப்பக்கம் போகும் முன் ஒரு நாள் காலையைக் காசிமேட்டுக்கு ஒதுக்குங்கள். இருட்டிலேயே ஏலம் தொடங்கிவிடும். ஞாயிறென்றால் கால் வைக்க இடமிருக்காது. வஞ்சிரம், வவ்வால், சங்கரா, கடம்பா, கானாங்கெளுத்தி என்று கூடை கூடையாக இறங்கும். ஏலம் கூவும் வேகத்தில் விலை காதில் விழுவதற்குள் கூடை கைமாறிவிடும். ஓரமாக நில்லுங்கள். ஐஸ் பெட்டி தூக்கி வருகிறவருக்கு நீங்கள்தான் வழிவிட வேண்டும். வழுக்காத செருப்பு அவசியம்.

திரும்பும் வழியில் ராயபுரம் ரயில் நிலையத்தை வெளியிலிருந்து பாருங்கள். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்தத் தூண் வரிசை இன்னும் நிற்கிறது.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் புதியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: "மணலே இல்லையே, கல்லாக் கொட்டியிருக்கே?" நம் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. துறைமுகச் சுவர் அதைத் தடுத்தது. தெற்கே தேங்கிய மணல்தான் இன்றைய அகன்ற மெரினா. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் போனதால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. தெருக்களைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். மெரினாவில் நின்று ரசிக்கிறவர்கள் இந்தக் கரையையும் ஒருமுறை வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பாசி படிந்த கல்மேல் ஏறாதீர்கள், இறங்கிக் குளிக்காதீர்கள்.

திருவொற்றியூரில் தியாகராஜர் கோயிலின் மகிழமரத்தடியில் சற்று உட்காருங்கள். சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்தது மகிழடியில் என்பது தலவரலாறு. கடலுக்கு அருகிலேயே பட்டினத்தார் சமாதி. பௌர்ணமியும் வெள்ளியும் சேரும் நாளில் நீங்கள் இங்கே இருந்தால் எங்கள் ஊர்ப் பெண்களோடு சேர்ந்து மூன்று அம்மனைப் பார்க்கலாம்: காலையில் மீஞ்சூருக்கு அருகே மேலூர் திருவுடையம்மன், உச்சியில் இங்கே வடிவுடையம்மன், மாலையில் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா, ஞான, கிரியா சக்தி என்பார்கள். மேலூர்ப் பக்கம் போனாலே கிராமத்துக் காற்று வந்துவிடும்.

எண்ணூர் முகத்துவாரம்

சென்ட்ரலையொட்டிய மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை செல்லும் மின்ரயிலில் ஏறுங்கள். கத்திவாக்கத்திலோ எண்ணூரிலோ இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் கடற்கரைக் குப்பங்களுக்குப் போய்விடலாம். மெட்ரோவில் வருகிறவர்களுக்கு விம்கோ நகர் வரை வண்டி உண்டு, அங்கிருந்து பேருந்து.

நெட்டுக்குப்பத்துக் கரையில் ஒரு பழைய பாலத்தின் தூண்கள் கடலுக்குள் இடிந்து நிற்கின்றன. சூரியன் அவற்றுக்கு நடுவே எழும். கேமரா வைத்திருப்பவர்கள் அதற்காகவே வருகிறார்கள். நான் சொல்லும் நடை அங்கிருந்து தாழங்குப்பம் வழியாக முகத்துவாரக்குப்பம் வரை. கொசஸ்தலையாறு கடலில் சேரும் இடம் அது. சென்னையின் மூன்று ஆறுகளில் கூவத்தையும் அடையாற்றையும்விட நீளமானது இதுதான். ஆனால் பெயர் தெரிந்தவர்கள் குறைவு.

கழியோரம் நின்றால் அலையாத்திச் செடிகள் தெரியும். இடுப்பளவு நீரில் இருளர் பெண்கள் பறி என்னும் பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்தபடி, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. விரல் நுனிதான் கருவி. பத்து நிமிடம் பேசாமல் நின்று பாருங்கள்.

எதிரே அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகளும் தெரியும். மறைக்க ஒன்றுமில்லை. சாம்பல் இந்த ஆற்றில் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து இந்தக் கழியெங்கும் பரவியது; கூழைக்கடாக்களின் இறகெல்லாம் கறுத்துப்போனதை ஊரே பார்த்தது. அப்படியிருந்தும் மடவையும் நண்டும் தேடி இந்தக் குப்பத்தார் தினமும் ஆற்றில் இறங்குகிறார்கள். அழகான இடத்தை மட்டும் பார்ப்பேன் என்பவர்களுக்கு எண்ணூர் வேண்டாம். ஓர் ஆறு எதையெல்லாம் தாங்கிக்கொண்டு உயிரோடிருக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்கள் கட்டாயம் வாருங்கள். துறைமுகத்தையும் மின் நிலையத்தையும் படம் எடுக்க வேண்டாம், காவலர்கள் விசாரிப்பார்கள்.

பொன்னேரி வழியாகப் பழவேற்காடு

இதற்கு ஒரு முழுநாள் வேண்டும். எண்ணூரையும் இதையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.

அதே ரயில் பாதையில் அத்திப்பட்டு, மீஞ்சூர், அனுப்பம்பட்டு தாண்டிப் பொன்னேரி. இருபது ரூபாய்க்குள் சீட்டு முடிந்துவிடும். அத்திப்பட்டைத் தாண்டியதும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்ளுங்கள். நகரம் சட்டென்று முடிந்து வயலும் ஏரியும் தொடங்கும். பொன்னேரியில் ஆரணியாற்றங்கரை ஊருக்குரிய நிதானம் உண்டு. அகத்தீசுவரர் கோயிலும் கரிகிருஷ்ணப் பெருமாள் கோயிலும் இங்கே. சித்திரையில் சிவனும் பெருமாளும் சந்திக்கும் உற்சவம் பெயர் பெற்றது.

பொன்னேரிப் பேருந்து நிலையத்திலிருந்து பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர். பேருந்தின் முன்கண்ணாடியில் மகளிர்க்குக் கட்டணமில்லை என்று எழுதியிருந்தால் பெண்களுக்கு அந்தப் பயணமும் இலவசம். ஏறியதும் நடத்துநரிடம் கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் திருப்பாலைவனம் வரும். பாலை மரத்தைத் தலவிருட்சமாகக் கொண்ட பழைய சிவன் கோயில் அங்கே இருக்கிறது. நேரமிருந்தால் இறங்கி, கோயிலைப் பார்த்துவிட்டு வயல் வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து, அடுத்த பேருந்தைப் பிடிக்கலாம். வரப்பில் நடப்பதற்கு ஒரே விதி: நாற்றையும் கதிரையும் மிதிக்காமல் ஒற்றை வரிசையாகப் போக வேண்டும். நத்தைக்குத்தி நாரைகள் உழவு மாட்டுக்குக்கூட ஒதுங்காமல் சேற்றில் நத்தை தேடிக்கொண்டிருக்கும்.

பழவேற்காட்டில் இறங்கியதும் நேராகப் பாலத்துக்கு நடங்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டுக்கு அந்தப் பாலம்தான் வழி. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனை மட்டும் நம்முடையது. பாலத்தின்மேல் நின்றால் இரண்டு பக்கமும் நீர், கீழே மீன் இறக்கும் படகுகள், மேலே செம்பருந்துகள். வெயில் ஏறும் முன் இந்த இடத்தில் நிற்பதற்காகத்தான் ஐந்து மணிக்கே கதவைப் பூட்டியது.

பறவை பார்க்கத் தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பூநாரையை அடையாளம் காண்பது எளிது: நீளக்கால், வளைந்த கழுத்து, தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் அலசி இரையை வடிகட்டித் தின்னும். எழும்பினால்தான் இறக்கையின் செம்மை முழுதாகத் தெரியும். அதற்காக அவற்றை விரட்டி எழுப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பல பறவைகளுக்கு இது சாப்பாட்டு நேரம். கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், ஆலா எல்லாம் இருக்கும். பூநாரை கரைக்கு நெருங்கி வருவது அண்ணாமலைச்சேரிப் பக்கம். அந்த ஊர் ஏரியின் மேற்குக்கரையில் இருக்கிறது. எங்கே இறங்கியிருக்கின்றன என்பது நீரின் ஆழத்தைப் பொறுத்து நாளுக்கு நாள் மாறும், ஆகவே பழவேற்காட்டு மீன் சந்தையில் விசாரித்துவிட்டு ஆட்டோ பேசுங்கள்.

பாலம் தாண்டி வைரவன்குப்பம், கோரைக்குப்பம் பக்கம் நடந்தால் கடல். நகரத்தில் நாங்கள் இழந்த மணல் இங்கே கிடக்கிறது. அலையாடி நண்டுகள் ஓடும் நீண்ட கரை. கால் நனைப்பதோடு நில்லுங்கள். காவலுக்கு ஆளில்லாத கடல், இழுப்பும் அதிகம். முகத்துவாரப் பக்கம் மணல் நாளுக்கு நாள் இடம் மாறும். கோடையில் வாய் தூர்ந்துபோவதும் உண்டு. நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று ஆளை மூழ்கடிக்கும்.

ஏரிக்குள் நட்டிருக்கும் கம்புகளையும் வலைகளையும் பார்த்து, யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் வலை போடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே 'பாடு' என்று ஒரு முறை இருக்கிறது. எந்தக் குழு, எந்த நாளில், எந்த இடத்தில் இறால் வலை போடலாம் என்பதைக் கிராமத்தார் முறைவைத்துச் சுற்றில் விடுவார்கள். நல்ல இடம் ஒருவரிடமே தங்கிவிடாது. இதைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் மகிழ்ச்சியோடு விளக்குவார்கள். பணம் கொடுத்துக் கேட்கும் எந்தச் சுற்றுலா விளக்கத்தையும்விட அந்தப் பேச்சை நான் உயர்வாக நினைக்கிறேன்.

வெயில் ஏறியதும் ஊருக்குள் திரும்புங்கள். டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். பிள்ளைகள் முதலில் பயந்து, பிறகு அதன் அருகிலேயே நின்று படம் எடுக்கச் சொல்வார்கள். உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள், டச்சு மொழி எழுத்து, குடும்பச் சின்னங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். கதவு பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள். 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைமையிடம். இந்தத் துறையிலிருந்து துணி ஏற்றிய கப்பல்களில் அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள். அழகிய கல்வெட்டுகளுக்கு முன் நிற்கும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோட்டையில் இன்று புதர்தான் மிச்சம். பாம்பு இருக்கும், உள்ளே போக வேண்டாம்.

நடந்து போகும் தூரத்திலேயே ஆதிநாராயணப் பெருமாள் கோயில். மண்டபக் கூரையை அண்ணாந்து பாருங்கள்: ராமாயணக் காட்சிகள் விரலளவுச் சிற்பங்களாக ஓடும். போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம், மரைக்காயர்களின் பள்ளிவாசல்கள், அவற்றில் ஒன்றில் நிழல் கடிகாரம் என்று இந்தச் சிறிய ஊர் ஒரு பகல் முழுக்க நடக்க வைக்கும். பள்ளிவாசலுக்குள் போகும் முன் வெளியே இருப்பவர்களிடம் கேட்டு, தலையை மூடிக்கொண்டு, தொழுகை நேரம் தவிர்த்துப் போங்கள்.

படகு வேண்டாம்

கரையில் நின்றால் யாராவது வந்து "போட்டுல ஒரு ரவுண்டு போலாமா?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குடும்பத்தோடு வந்தவர்கள். மீன்பிடிப் படகு மீன் பிடிக்க ஆனது. அதில் பத்துப் பதினைந்து பேரை ஏற்றி, உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் போவது இன்றும் அதே ஆபத்துதான். பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் சுற்றுலாப் படகுக்கு அனுமதியும் இல்லை. பாலத்திலிருந்தும் கரையிலிருந்தும் தெரிவது போதும்.

ராக்கெட் நாள்

உங்கள் வருகையின்போது ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவுதல் அறிவித்திருந்தால் அதிர்ஷ்டம். பழவேற்காட்டுக் கடற்கரையிலிருந்து ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். முதலில் நெருப்பு எழும், ஓசையே இருக்காது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் இடி போன்ற முழக்கம் வந்து சேரும். வானம் தெளிந்த இரவென்றால் தண்டையார்பேட்டை மொட்டைமாடியிலிருந்தே நெருப்புக்கோடு தெரியும். வடக்கே பாருங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி அல்லது துண்டு, புளிசாதமோ எலுமிச்சை சாதமோ ஒரு டப்பா. கழிப்பறையைப் பொன்னேரியிலேயே பயன்படுத்திவிடுங்கள். அதற்கப்புறம் பெண்களுக்குச் சிரமம். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தினால் பறவைகள் தள்ளிப் போகும். குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பை வையுங்கள்.

குப்பங்களில் நடக்கும்போது மணலில் விரித்திருக்கும் வலையை மிதிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது. சுற்றிப் போங்கள். கருவாடு காயும் இடத்தில் செருப்போடு போகாதீர்கள். நான் ஒருமுறை ஒரு மூத்த பெண்மணியிடம், "யக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "எடுத்துக்கம்மா. மொதல்ல அந்த வலையில இருந்து காலை எடு" என்றார். படம் எடுத்து அவரிடமே காட்டியதும், உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். கேட்காமல் எடுத்திருந்தால் அந்தப் பேச்சு கிடைத்திருக்காது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்த மாட்டார்கள். கையில் காசிருந்தால் பழவேற்காட்டுப் பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டி ஒன்றோ, கால் கிலோ நெத்திலிக் கருவாடோ வாங்குங்கள். கருவாட்டை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, அதை ஒரு டப்பாவில் வைத்து மூடினால் ரயிலில் பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்க மாட்டார்.

இறங்கியவுடனேயே திரும்பும் பேருந்தின் நேரத்தை நடத்துநரிடம் கேட்டு வையுங்கள். மாலையில் பேருந்துகள் குறைந்துவிடும். நான்கரை, ஐந்து மணிக்குள் பொன்னேரிக்கு ஏறிவிட்டால், ஏரிமேல் பொழுது சாய்வதைப் பேருந்து ஜன்னலிலிருந்தே கொஞ்சம் பார்த்துக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குத் திருவொற்றியூர் வந்துவிடலாம்.